குளிர்ந்த, நீர்த்த கழிவுநீருக்குக் காற்றில்லா முறை சரிப்படுமா?

கேள்வி இதுதான்: "கோத்தகிரி பக்கம் 40 அறை விடுதி கட்டுகிறோம். ஒரு நாளைக்குச் சுமார் 20,000 லிட்டர் கழிவுநீர் வரும். 'காற்றில்லா முறை 35 டிகிரி சூடு இல்லாமல் வேலை செய்யாது, ப்ளோவர் வைத்த பிளான்ட்தான் போட வேண்டும்' என்கிறார் ஓர் ஆலோசகர். 'கரண்டே வேண்டாம், காற்றில்லா தொட்டி போடுங்கள், வருகிற கேஸில் சமையலே செய்யலாம்' என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?"

காற்றில்லா முறை என்றால் காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று மீத்தேன் கேஸாக மாற்றுவது. ப்ளோவர் பிளான்ட் என்றால் காற்றை ஊதி, காற்று தேவைப்படும் நுண்ணுயிர்களை வேலை வாங்குவது. இருவருமே பாதி சரி. முதலாமவர் முடியாது என்று சொல்வது முடியும். இரண்டாமவர் கிடைக்கும் என்று சொல்லும் கேஸ் கிடைக்காது. ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருந்தால் காற்றில்லா தொட்டியைத்தான் முதல் கட்டமாக வைப்பேன், அவர் சொல்லாத வேறு காரணத்துக்காக. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

முதலில் குளிர். சமவெளியில் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கும். உங்கள் ஊரில் டிசம்பரில் அதே மாவு மறுநாள் மாலைகூட அசையாது. மாவில் இருக்கும் நுண்ணுயிர் செத்துப்போகவில்லை, மெதுவாக வேலை செய்கிறது. மலையில் இருப்பவர்களுக்கு இதற்கான மூன்று வழிகளும் தெரியும்: பழைய புளித்த மாவைக் கூடுதலாகச் சேர்ப்பது, கூடுதல் நேரம் விடுவது, அடுப்புப் பக்கம் வைப்பது. கழிவுநீருக்கும் இந்த மூன்றுதான் வழி. மூன்றாவது நமக்குக் கட்டுப்படியாகாது என்பதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன். மிச்சம் முதல் இரண்டு.

உங்கள் கழிவுநீரில் ஒரு லிட்டருக்கு 400 மில்லிகிராம் சி.ஓ.டி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். சி.ஓ.டி. என்பது அதிலுள்ள அழுக்கை முழுவதுமாக எரித்துத் தீர்க்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. அழுக்கின் எடை என்று எடுத்துக்கொண்டாலும் இந்தப் பேச்சுக்குக் குறைவில்லை. குளியல் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், கழிப்பறை, சமையலறை எல்லாம் ஒன்றாக வந்தால் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். சாராய ஆலைக் கழிவில் இதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். 'நீர்த்த' என்று நாங்கள் சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

இந்த 400 மில்லிகிராமில் 40 சதவீதம் மீத்தேனாக மாறுகிறது என்று கொள்வோம். உங்கள் ஊர்க் குளிரில் கழிவுநீர் 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதற்கு மேல் நம்புவது பேராசை. ஒரு கிராம் சி.ஓ.டி. மீத்தேனானால் 0.35 லிட்டர் வாயு வரும். ஆக ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் கழிவுநீருக்கு 56 லிட்டர் மீத்தேன். அதை ஒரு துளி வீணாக்காமல் எரித்தால் சுமார் 2 மெகாஜூல் வெப்பம். அதே ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரே ஒரு டிகிரி சூடாக்க 4.2 மெகாஜூல் வேண்டும். தன் கேஸை முழுக்க எரித்தாலும் அந்தத் தண்ணீர் அரை டிகிரிதான் சூடாகும். 15 டிகிரியை 35 ஆக்குவது இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 35 டிகிரி கேட்பவர் சாராய ஆலையையோ சாண எரிவாயுக் கலனையோ மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார். அங்கே அழுக்கு கெட்டியாக இருக்கிறது, அதனால் அதிலிருந்து வரும் கேஸை எரித்தே அதைச் சூடாக்கிக்கொள்ளலாம். இங்கே பெரும்பகுதி வெறும் தண்ணீர். தண்ணீரைச் சூடாக்குவதுபோல் காசைக் கரைக்கிற வேலை வேறில்லை.

சூடாக்க முடியாது என்று ஆனபிறகு கேள்வி இப்படி மாறுகிறது: மெதுவாக வேலை செய்யும் நுண்ணுயிரை ஏராளமாக, நீண்ட நாள், தொட்டிக்குள்ளேயே நிறுத்தி வைப்பது எப்படி? தண்ணீர் சில மணி நேரத்தில் வெளியே போய்விட வேண்டும், நுண்ணுயிர் குடியிருக்கும் சேறான கசடு மட்டும் மாதக்கணக்கில் உள்ளே தங்க வேண்டும். காற்றில்லாச் சுத்திகரிப்பின் வரலாறே தண்ணீரின் வயதையும் கசடின் வயதையும் பிரித்த வரலாறுதான். பிரான்சில் மூரா 1881இல் வெளியுலகுக்குச் சொன்ன மூடிய தொட்டி, 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் கேமரன் கட்டி 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தது, இரண்டிலும் கசடு அடியில் கிடக்கும், தண்ணீர் அதன் தலைக்கு மேலேயே ஓடிவிடும். இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. நம் வீட்டு செப்டிக் டேங்கின் குறை இன்றைக்கும் இதுதான்.

1970களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் காட்சே லெட்டிங்கா என்ற பேராசிரியர் தண்ணீரைக் கீழிருந்து மேலாக அனுப்பினார். கசடுப் படுகைக்குள் புகுந்து தண்ணீர் ஏறும். மேலே கவிழ்த்துப் போட்ட புனல் போன்ற அமைப்பு வாயுவைத் தனியே பிடித்துக்கொள்ளும், கசடு மறுபடி கீழே இறங்கிவிடும். இதுவே யு.ஏ.எஸ்.பி. மணல் பருமனில் உருண்டை உருண்டையாகத் திரளும் கசடுதான் இதன் உயிர். முதலில் பீட்ரூட் சர்க்கரை ஆலைக் கழிவுக்குத்தான் இதைச் செய்தார்கள். அந்த ஆலைகள் வருடத்தில் அறுவடையை ஒட்டிய சில மாதங்கள்தான் ஓடும். மற்ற மாதங்களில் கசடு பட்டினி கிடந்து, ஆலை திறந்ததும் மறுபடி எழுந்து வேலை செய்யும். சீசன் விடுதி நடத்தும் உங்களுக்கு இது முக்கியமான செய்தி, பின்னால் மறுபடி வருகிறேன். லெட்டிங்கா இந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் கட்டலாம் என்று விட்டுவிட்டார். 2007இல் டைலர் பரிசும் 2009இல் சிங்கப்பூரின் லீ குவான் யூ தண்ணீர் பரிசும் அவருக்குக் கிடைத்தன.

அவரது குழு வீட்டுக் கழிவுநீரையும் அங்கேயே, டச்சுக் குளிரில், சோதித்தது. கோடையில் ஓரளவு ஒழுங்காக ஓடியது, குளிர்காலத்தில் தடுமாறியது. ஆகவே வெப்ப நாடுகளுக்குப் போனார்கள். கொலம்பியாவின் காலி நகரில் (ஊர்ப் பெயரே அதுதான், கேலி இல்லை) 1983இல் 64 கன மீட்டர் சோதனைத் தொட்டி. அங்கே கழிவுநீர் ஆண்டு முழுக்க 25 டிகிரியை ஒட்டி இருந்ததால் சில மணி நேரத் தங்கலிலேயே காரியம் முடிந்தது. அந்த வெற்றியின் நீட்சியாக 1989இல் கான்பூர் ஜாஜ்மாவில் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் தொட்டி வந்தது. பிறகு யமுனையைச் சுத்தப்படுத்தும் திட்டத்தில் வட இந்தியா முழுக்கப் பரவியது. 'காற்றில்லா முறை வெப்ப நாட்டுக்கானது' என்ற பேச்சு பிறந்தது இப்படித்தான். அந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் குளிர் கடிக்கிறது என்று அது சொல்வதில்லை.

குளிர் கடிக்கும் இடம் மீத்தேன் செய்யும் நுண்ணுயிர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் முதல் அடி விழுவது அதற்கு முன்னால், கெட்டிப் பொருள் கரைகிற கட்டத்தில். மலத்துணுக்கு, காகிதம், சோற்றுப் பருக்கை, எண்ணெய் இவையெல்லாம் முதலில் நொதிகளால் உடைந்து கரைய வேண்டும். பிறகு அமிலமாக வேண்டும். கடைசியில்தான் மீத்தேன். உங்கள் 400 மில்லிகிராமில் பாதிக்கு மேல் இப்படிக் கரையாத துணுக்காகவே வரும். 25 டிகிரியில் ஓடும் தொட்டியில் பிடிபட்ட துணுக்கில் ஏறக்குறைய பாதி கரையும், 15 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குகூடக் கரையாமல் போகலாம். கரையாதது எங்கே போகும்? படுகையில் சேரும். சேரச் சேர, வேலை செய்யும் உயிருள்ள கசடுக்கு இடமில்லாமல் போகும். ஒருநாள் படுகை பொங்கி எல்லாம் வெளியேறும். குளிர் தொட்டிகளின் சாவு பெரும்பாலும் இப்படி நெரிசலில்தான் நடக்கிறது.

இதை எண்ணில் பார்த்துவிடலாம். வாகனிங்கனில் சீமனும் லெட்டிங்காவும் 1990களின் கடைசியில் வகுத்த எளிய கணக்கு இது. நாளொன்றுக்குப் படுகையில் எவ்வளவு துணுக்கு கரையாமல் சேர்கிறது, தொட்டி எவ்வளவு கசடைத் தாங்கும், கசடு எத்தனை நாள் உள்ளே இருந்தாக வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தால் தண்ணீர் எத்தனை மணி நேரம் தங்க வேண்டும் என்பது வந்துவிடும். 400இல் 240 மில்லிகிராம் துணுக்கு, அதில் 80 சதவீதம் படுகையில் பிடிபடுகிறது, ஒரு லிட்டர் தொட்டி 20 கிராம் கசடைத் தாங்கும் என்று கொள்வோம். 25 டிகிரியில் பாதி கரைகிறது, கசடுக்கு 30 நாள் வயது போதும். விடை மூன்றரை மணி நேரம். 15 டிகிரியில் 30 சதவீதம்தான் கரைகிறது, கசடுக்கு 100 நாள் வயது வேண்டும். விடை 16 மணி நேரம். பத்து டிகிரி குறைந்ததற்குத் தொட்டி ஏறக்குறைய ஐந்து மடங்கு பெரிதாகிறது. சமவெளித் தொட்டியின் வரைபடத்தை அப்படியே மலைக்கு ஏற்றினால் தோற்பது இந்த ஐந்து மடங்கினால்தான்.

இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. ஜோர்டானின் அம்மானில் தண்ணீர்ப் பஞ்சம், அதனால் கழிவுநீர் கெட்டி, லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் அளவில் வரும். இதே கணக்கை 15 டிகிரியில் அதற்குப் போட்டால் 60 மணி நேரம் வரும்! குளிரில் துணுக்கு நிறைந்த கெட்டிக் கழிவைவிட நீர்த்த கழிவுக்குச் சின்னத் தொட்டி போதும். நீர்த்திருப்பது எல்லா வகையிலும் கெடுதல் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டபோது பேனா நின்றுவிட்டது.

நீர்த்திருப்பதன் கெடுதல் வேறு பக்கம் வருகிறது. கெட்டிக் கழிவில் வாயு குமிழ் குமிழாகக் கிளம்பிப் படுகையைக் கிளறிவிடும், கலக்கி தேவையில்லை. நீர்த்த கழிவில் அந்தக் கொதிப்பு இல்லை. தண்ணீர் ஏதோ ஒரு சந்து கண்டுபிடித்து, கசடைத் தொடாமலே ஏறிப் போய்விடும். போதாக்குறைக்குக் குளிரில் தண்ணீரே தடிக்கிறது. 30 டிகிரியில் இருப்பதைவிட 10 டிகிரியில் அதன் பாகுத்தன்மை ஒன்றரை மடங்குக்கு மேல், அந்த அளவுக்குக் கசடு இறங்குவதும் தாமதமாகும். உணவு இவ்வளவு குறைவாக இருக்கும் இடத்தில் எந்த நுண்ணுயிர் பிழைக்கும் என்பதும் மாறுகிறது. அசிட்டிக் அமிலத்தைத் தின்று மீத்தேன் தரும் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. மெத்தனோசார்சினா பந்திக்குப் பந்தி சாப்பிடுகிற ஆள், இலை நிறைய இருந்தால்தான் வளரும். மெத்தனோத்ரிக்ஸ் மெதுவாக வளர்ந்தாலும் கொஞ்சநஞ்ச அமிலத்தையும் தேடிப் பிடித்துத் தின்னும். நீர்த்த கழிவுநீரில் நமக்கு வேண்டியது இரண்டாவது. அது நூல் நூலாகப் பின்னிக்கொள்வதால் கசடு உருண்டை உறுதியாவதும் நடக்கிறது.

கிளறல் இல்லாத குறைக்கு வாகனிங்கன் கண்ட மருந்து, தொட்டியை ஒல்லியாகவும் உயரமாகவும் கட்டி, வெளியேறும் நீரில் ஒரு பங்கைத் திருப்பி அடியிலேயே செலுத்துவது. சாதாரண யு.ஏ.எஸ்.பி.யில் தண்ணீர் மணிக்கு ஒரு மீட்டருக்குள் ஏறும், இதில் நான்கு முதல் பத்து மீட்டர். படுகை விரிந்து மிதந்து நிற்கும், ஒவ்வொரு உருண்டையையும் தண்ணீர் தொடும். இந்த ஈ.ஜி.எஸ்.பி. தொட்டிகளில் 1990களில் மால்ட் (முளைகட்டிய பார்லி) ஆலைக் கழிவுநீரை 10 முதல் 15 டிகிரியில் நன்றாகவே சுத்தம் செய்து காட்டினார்கள். குளிரில் மீத்தேன் முறை ஓடாது என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்துவிட்டது. அயர்லாந்தின் கால்வே பல்கலைக்கழகத்தினர் அதையும் தாண்டிக் குளிர்சாதனப் பெட்டிக் குளிருக்குப் பக்கம்வரை போய்ப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று கவனியுங்கள்: மால்ட் கழிவு கரைந்த கழிவு. மலத்துணுக்கு நிறைந்த விடுதிக் கழிவை இந்த வேகத்தில் ஏற்றினால் துணுக்கு பிடிபடாமல் நேரே வெளியே போய்விடும். ஆகவே யாராவது ஈ.ஜி.எஸ்.பி. விற்க வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

துணுக்கும் போகக்கூடாது, கசடும் போகக்கூடாது என்றால் கடைசி ஆயுதம் நுண்ணிய துளைகள் கொண்ட சவ்வு வடிகட்டி. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத் தொட்டியில் 15 டிகிரியில் தொடங்கிப் படிப்படியாக 3 டிகிரிவரை இறக்கிப் பார்த்தார்கள். 6 டிகிரிவரை சி.ஓ.டி. 95 சதவீதத்துக்கு மேல் நீங்கியது. சவ்வின்மேல் படியும் படலத்தை எல்லோரும் அடைப்பு என்று திட்டுவோம். அந்தப் படலமே உயிருள்ள வடிகட்டியாக மாறி வேலையில் பெரும் பங்கைச் செய்தது என்று அவர்கள் கண்டார்கள். தென்கொரியாவின் புச்சோனில் நாளுக்கு 12 கன மீட்டர் அளவில், கரித்துகள் மிதக்கும் தொட்டியும் சவ்வுமாக 485 நாள் ஓட்டினார்கள். கழிவுநீர் குளிர்காலத்தில் 8 டிகிரி, கோடையில் 30. சூடாக்கவில்லை. பெர்ரி மெக்கார்ட்டி என்ற, இந்தத் துறையின் பெரியவர் முன்னின்று செய்த வேலை அது. வெளியேறிய நீர் ப்ளோவர் வைத்த பிளான்டுக்குக் குறைவில்லாமல் இருந்தது. ஆக முடியும் என்பதில் சந்தேகமில்லை. 40 அறை விடுதிக்குச் சவ்வு பராமரிக்க ஆள் கிடைப்பாரா என்பது வேறு கேள்வி. எனக்குத் தெரிந்து கிடைக்கமாட்டார்.

இங்கே ஒரு சின்ன விலகல், ஏனென்றால் இதைக் கட்டாயம் உங்களிடம் யாராவது விற்க வருவார்கள். 'அண்டார்டிகா பாக்டீரியா' என்று ஒரு பொட்டலம் அல்லது கேன். இதற்குப் பின்னால் உண்மையான வேலை இருக்கிறது. சியாச்சின், லடாக் போன்ற இடங்களில் ராணுவத்தினரின் கழிவுக்காக, பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. குளிர் தாங்கும் நுண்ணுயிர்க் கலவையை உருவாக்கியது. ரயில்பெட்டிகளில் வந்த உயிரிக் கழிப்பறைகளின் மூலமும் அதுதான். அது கழிப்பறைக் கழிவுக்கானது, உங்களுடைய குளியல் நீர் கலந்த 20,000 லிட்டருக்கு அல்ல. மேலும், குளிரையே விரும்பும் மீத்தேன் உயிர்கள் அபூர்வம். அண்டார்டிகாவின் ஏஸ் ஏரியிலிருந்து பிரித்து 1997இல் விவரிக்கப்பட்ட மெத்தனோஜீனியம் ஃப்ரிஜிடம் 15 டிகிரியில்தான் நன்றாக வளரும். ஆனால் அது ஹைட்ரஜனையும் ஃபார்மேட்டையும் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) தின்பது, நமக்கு முக்கியமான அசிட்டிக் அமிலத்தை அது தொடாது. குளிர் தொட்டிகளில் வேலை செய்பவை பெரும்பாலும் சாதாரண, மிதவெப்ப உயிர்களே. பழகிக்கொண்டு, முனகிக்கொண்டு ஓடுகின்றன. பழகக் காலம் கொடுங்கள், பொட்டலத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இனி கேஸ். நாளொன்றுக்கு 20 கன மீட்டர், கன மீட்டருக்கு 56 லிட்டர் மீத்தேன், ஆக 1.1 கன மீட்டர். இது முழுதும் குழாய்க்கு வராது. சோடா பாட்டிலில் வாயு கரைந்திருப்பதுபோல மீத்தேனும் தண்ணீரில் கரைகிறது, குளிரக் குளிரக் கூடுதலாகக் கரைகிறது. 15 டிகிரியில், தொட்டி வாயுவில் முக்கால்வாசி மீத்தேன் என்றால், லிட்டருக்குச் சுமார் 20 மில்லிகிராம் கரைந்தே வெளியேறும். கெட்டிக் கழிவுக்கு இது பொருட்டே இல்லை. உங்கள் கழிவில் மொத்தம் உண்டாவதே லிட்டருக்கு 40 மில்லிகிராம்தான். பாதி தண்ணீரோடு போச்சு. மிச்சம் அரை கன மீட்டருக்குச் சற்று மேல், எரிசக்தியில் அரைக் கிலோ எல்.பி.ஜி.க்கும் குறைவு. முழுதையும் ஒழுங்காகப் பிடித்தால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் ஒன்று மாதத்துக்கு மிச்சமாகும். வாயுவைப் பிடிக்க, கந்தக நாற்றத்தை நீக்க, குழாய் போட, கசிவு பார்க்க ஆகிற செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேஸில் சமையல் என்று சொன்னவர் இந்தக் கணக்கைப் போடவில்லை, அல்லது போட்டும் சொல்லவில்லை.

கரைந்து போகும் மீத்தேன் உங்கள் பைக்கு மட்டும் நஷ்டமில்லை. வெளியே வந்ததும் காற்றில் கலக்கிறது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும் வாயு. குளிர்ந்த, நீர்த்த கழிவுக்குக் காற்றில்லா முறையைப் 'பசுமை' என்று விளம்பரம் செய்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஜப்பானியர்கள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: பஞ்சுத் துண்டுகளைக் கோத்துத் தொங்கவிட்டு, அதன்மேல் தண்ணீரைச் சொட்டவிடுவது. ப்ளோவர் வேண்டாம், காற்று தானாகப் புகும். பஞ்சில் குடியேறும் உயிர்கள் மிச்ச அழுக்கையும் கரைந்த மீத்தேனில் ஒரு பகுதியையும் தின்றுவிடும். ஹரியானாவின் கர்னாலில் யு.ஏ.எஸ்.பி.க்குப் பின்னால் இதை நாளொன்றுக்கு 10 லட்சம் லிட்டர் அளவில் 2000களில் ஓட்டிக் காட்டினார்கள். வட இந்தியக் குளிர்காலத்தையும் அது தாண்டியது.

அப்படியானால் காற்றில்லா தொட்டி எதற்கு? மின்சாரத்துக்காகக்கூட இல்லை. உங்கள் அளவில் நாளொன்றுக்கு 8 கிலோ சி.ஓ.டி. வருகிறது. அதில் பாதியைக் காற்றில்லா தொட்டி எடுத்துக்கொண்டால் மிச்சமாவது மூன்று நான்கு யூனிட் கரண்ட். லாபம் கசடில்தான் இருக்கிறது. ப்ளோவர் பிளான்டில் அந்த 8 கிலோவும் 2.5 முதல் 3 கிலோ உலர் கசடாக மாறும். அது உலர்ந்து வராது, நூற்றுக்கு ஒரு பங்கு கெட்டியாக, தினம் 250 முதல் 300 லிட்டர் சேறாக வரும். மலையில் அதை எங்கே கொட்டுவீர்கள்? லாரி வரும் ரோடு மழையில் சரிந்தால் என்ன செய்வீர்கள்? காற்றில்லா தொட்டியில் கசடு ஊறி, செரித்து, வருடத்துக்கு ஓரிரு முறை எடுத்தால் போதும் என்ற அளவுக்குச் சுருங்கும். இன்னொன்று, உங்கள் வியாபாரம். ஏப்ரல் மே மாதங்களில் அறை கிடைக்காது, மழைக்காலத்தில் நாலு அறை நிறைந்தால் பெரிது. ப்ளோவர் பிளான்ட் கசடு நாலைந்து வாரம் உணவில்லாவிட்டால் செத்துப் போகும், கரண்ட் போனால் அதற்கு முன்பே நாறும். காற்றில்லா கசடு அந்தப் பீட்ரூட் ஆலைக் கசடுபோல மாதக்கணக்கில் பட்டினி கிடந்து எழும். குளிர் அதற்கு உதவியே செய்கிறது, மெதுவாக வாழ்வது மெதுவாகத்தான் தேயும்.

கட்டுவது என்றால் நான் யு.ஏ.எஸ்.பி. சொல்லமாட்டேன். காலை எட்டு மணிக்கு 40 அறையிலும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள். அந்த அலையில் சின்ன யு.ஏ.எஸ்.பி. தன் கசடைத் துப்பிவிடும். உங்கள் அளவுக்குத் தடுப்புச்சுவர்த் தொட்டி ஏற்றது: முன்னால் ஒரு பெரிய படிவு அறை, பிறகு தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் கீழே இறங்கி மேலே ஏறிச் செல்லும் நான்கைந்து அறைகள், கடைசி இரண்டில் கல்லோ பிளாஸ்டிக் வளையமோ நிரப்பி உயிர்ப்படலம் ஒட்ட இடம். கணக்குப்படி 16 மணி நேரம் போதும் என்றாலும் அலைக்கும் ஏமாற்றத்துக்கும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு நாள் தங்கல் கொடுங்கள், அதாவது 30 முதல் 40 கன மீட்டர். முழுக்க மண்ணுக்குள் புதைத்து மேலே மண் மூடுங்கள். ராத்திரிக் காற்று 5 டிகிரிக்கு இறங்கினாலும் அடிமண் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். உங்கள் விருந்தாளிகள் எல்லோரும் வெந்நீரில்தான் குளிப்பார்கள், அந்தச் சூடு இலவசம். குழாயைக் குட்டையாகவும் மண்ணுக்குள்ளும் கொண்டுபோனால் அதில் ஒரு பங்கு தொட்டிவரை வந்து சேரும்.

கூரைத் தண்ணீரோ முற்றத்து மழையோ ஒரு சொட்டுக்கூட இந்தக் குழாயில் சேரக்கூடாது. நீலகிரி மழையில் இது ஒன்றே தொட்டியைக் கொன்றுவிடும். குளிரையும் கொண்டுவரும், அலையையும் கொண்டுவரும், இருக்கிற கொஞ்ச உணவையும் நீர்த்துவிடும். சமையலறைக்குத் தனி கிரீஸ் ட்ராப் வேண்டும், வாராவாரம் எடுக்கவும் வேண்டும். சமவெளியில் திரவமாகப் போகும் டால்டா உங்கள் ஊரில் குழாயிலேயே உறைந்து நிற்கும். கேஸ் ஆசை விடவில்லை என்றால் சாப்பாட்டு மிச்சத்துக்குத் தனியாக ஒரு சின்னக் கலன் போட்டு அதை மட்டும் வெயிலிலோ வெந்நீரிலோ சூடாக வையுங்கள். அது கெட்டி, அளவு குறைவு, அங்கே சூடாக்கும் கணக்கு உதைக்காது. மலைத் தண்ணீர் மென்மையாக இருந்தால், தொட்டியில் சேரும் அமிலத்தை ஈடுகட்டும் காரத்தன்மையை ஒருமுறை பரிசோதியுங்கள். குறைவாக இருந்தால் தொடக்க மாதங்களில் கொஞ்சம் சுண்ணாம்பு தேவைப்படலாம்.

தொட்டியிலிருந்து வரும் நீரில் பாதிக்குச் சற்று மேல்தான் அழுக்கு குறைந்திருக்கும். அமோனியா அப்படியே இருக்கும், நோய்க்கிருமியும் இருக்கும், முட்டை அழுகிய நாற்றமும் இருக்கும். இதை இப்படியே ஓடையில் விட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சும்மா விடாது, விடவும் கூடாது. பின்னால் பஞ்சுச் சொட்டு அமைப்போ கல்படுகைச் சொட்டு வடிகட்டியோ வையுங்கள். நிலம் இருந்தால் கல்வாழையும் நாணலும் நட்ட சரளைப் படுகை. சரிவான இடம் என்பதால் இவற்றுக்குத் தண்ணீர் பம்பு இல்லாமலே இறங்கும், மலையில் கட்டுவதன் ஒரே சலுகை அது. கடைசியில் குளோரினோ புற ஊதா விளக்கோ வைத்துத் தோட்டத்துக்கு விடலாம்.

தொடங்கும் மாதத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். நான் பார்த்த ஒரு மலை விடுதியில், புத்தாண்டுக்குத் திறக்க வேண்டும் என்று டிசம்பர் நடுவில் வெறும் தொட்டியில் கழிவுநீரை விட்டார்கள், உறை எதுவும் ஊற்றவில்லை. மூன்று மாதம் அது செப்டிக் டேங்காகக்கூட வேலை செய்யவில்லை. அமிலம் மட்டும் சேர்ந்தது, மீத்தேன் உயிர்கள் வளர்வதற்கு முன்பே கழுவிக்கொண்டு போயின. நாற்றம் தாங்காமல் ப்ளோவர் வாங்கிப் போட்டார்கள். நீங்கள் மார்ச்சில் தொடங்குங்கள். அருகில் நன்றாக ஓடும் செப்டிக் டேங்கின் கருத்த அடிக்கசடையோ கொஞ்சம் சாணக் கலன் கசடையோ கொண்டுவந்து ஒவ்வொரு அறையிலும் கால்பங்கு நிரப்பிவிட்டு, கழிவுநீரைப் பாதி அளவில் ஆரம்பியுங்கள். சீசன் கூட்டம் உணவு கொடுக்கும், வெயில் வேகம் கொடுக்கும், முதல் குளிர் வருவதற்குள் ஏழெட்டு மாதக் கசடு உள்ளே இருக்கும்.

பிறகு மாதம் ஒருமுறை, ஒரு நீண்ட பி.வி.சி. குழாயைத் தொட்டிக்குள் இறக்கி, மேல் வாயை மூடித் தூக்கி, ஒவ்வொரு அறையிலும் கசடு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். வட இந்தியாவின் பல யு.ஏ.எஸ்.பி.கள் கெட்ட பெயர் வாங்கியதில் இந்த அளவை எடுக்காததற்கும், நிறைந்த கசடைக் காலத்தில் வெளியேற்றாததற்கும் பெரிய பங்கு உண்டு. உயரம் அறையின் பாதியைத் தாண்டினால் அக்டோபருக்கு முன் ஒரு பகுதியை எடுத்துவிடுங்கள், மூன்றில் இரண்டு பங்கைக் கட்டாயம் உள்ளேயே விட்டுவைத்து. டிசம்பரில் எடுக்காதீர்கள். அப்போது எடுத்ததை ஈடுகட்டக் கசடு வளர மார்ச் ஆகிவிடும்.